மஸ்கெலியாவா, கோத்தகிரியா: புகை படிந்த ஒரு மலைப்படம் பற்றிய நிகழ்வு ஆய்வு

உரச் சாக்கில் சுற்றி, ஆட்டோவின் பின்சீட்டில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். சாக்கை உருவியதும் இரண்டடி அகலத்தில், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு பழுப்புப் பலகை தெரிந்தது. மேலே கறுப்பாய் ஒரு முக்கோணம், நடுவில் அழுக்கு வெள்ளையாய் ஒரு பட்டை. கீழே வலது மூலையில் மட்டும் உள்ளங்கை அளவுக்குப் பளிச்சென்று பச்சை.

"அந்த மூலைய நான்தான் சவுக்காரம் போட்டுக் கழுவிப் பார்த்தேன் சேர். எவ்வளவு நல்லா வந்திருக்கு பாருங்க. முழுசும் இப்படி ஆக்கித் தந்தாப் போதும்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. கழுவிய ஓரத்தில் பஞ்சுபோல ஏதோ அரைகுறையாய் நின்றது. போனது அழுக்கு மட்டுமில்லை என்பது கண்ணாடி போடாமலே தெரிந்தது.

நான் முப்பது வருடம் பாடசாலையில் சித்திரம் படிப்பித்தவன். ஓய்வு பெற்ற பிறகு இலங்கை மலைநாட்டில் ஹட்டனில் வீட்டு முன்னறையில் படங்களுக்குச் சட்டம் போடுகிறேன், பூஞ்சணம் பிடித்த சாமிப் படங்களைத் திருத்துகிறேன். கொழும்பில் ஓவியங்களைப் பேணும் ஒருவரிடம் ஆறு மாதம் கூடமாட நின்று கற்றதுதான் என் தகுதி. இந்தப் படத்தோடு நாலு மாதம் இருந்தேன். வேலையில் ஒரு பிழையும் விட்டேன். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

படத்தைக் கொண்டுவந்தவருக்கு ஓவியர் தாய்மாமன். பெயர் வேண்டாம் என்பது குடும்பத்தின் விருப்பம், ஆகவே நானும் ஓவியரை மாமா என்றும், கொண்டுவந்தவரை மருமகன் என்றும் சொல்கிறேன். மாமாவின் அக்கா, அதாவது கொண்டுவந்தவரின் தாய், எண்பதை நெருங்குகிறார். நாற்பது வருடம் கொழுந்து எடுத்த கை. எனக்கும் அவர் அக்காதான்.

மாமா போன வழி

மாமா பிறந்தது இங்கே மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் கடைசிக் காம்பராவில். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அடுப்புக்கரியால் வாசல் இஸ்தோப்புச் சுவரில் படம் போட்டு அப்பாவிடம் அடி வாங்கியதுதான் அவருடைய சித்திரப் பாடம். 1969இல் மஸ்கெலியா ஓயா ஆற்றை மறித்து மவுசாகலை நீர்த்தேக்கம் வந்தபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போயிற்று. இன்றைய டவுன் மேட்டில் புதிதாக எழும்பியது. வறட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயிலின் கற்கள் தலைகாட்டும், ஆட்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். தண்ணீர் ஏறிய வருடம் மாமாவுக்கு இருபது வயதுபோல.

பிறகு கணக்குப் பிரித்தார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எங்கள் மலையகத் தமிழ் ஆட்களை நாடற்றவர்களாக்கிய கதை எல்லோரும் அறிந்தது. 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று வகுத்தது. மிச்சம் கிடந்த 1,50,000 பேரை 1974இல் இரண்டு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டன. இந்தக் கணக்கில் மாமா அந்தப் பக்கம் விழுந்தார். கல்யாணம் முடித்திருந்த அக்கா இந்தப் பக்கம். ஹட்டனில், பிரிகிறவர்களின் அழுகையால் அழுகைக் கோச்சி என்று பெயர் வாங்கிய ரயிலில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, இராமேஸ்வரம், மண்டபம் முகாம், கடைசியில் நீலகிரி.

தாயகம் திரும்பியவர்களுக்காக 1968இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் கொஞ்சக் காலம் இருந்திருக்கிறார். அங்கே கால் தரிக்கவில்லை. கோயம்புத்தூருக்கு இறங்கி லொறி கிளீனரானார். லொறி நின்ற இடத்திலெல்லாம் பெயிண்ட் வேலை பார்க்கிறவர்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, லொறிப் பலகையில் பூவும் எழுத்தும் போடப் பழகிக்கொண்டார். நாக்பூர், குவஹாத்தி, சிலிகுரி என்று வருடக்கணக்கில் ஓட்டம். அக்காவுக்கு அவர் எழுதிய தபால் அட்டைகள் ஏழு இருக்கின்றன. அசாமிலிருந்து வந்த ஒன்றில், "இங்க தேயில சமதரையில வெளையுது அக்கா, ஏத்தமே இல்ல, பாக்கவே என்னமோ மாதிரி இருக்கு" என்று எழுதிவிட்டு ஓரத்தில் பேனாவால் ஒரு நேர்கோடு இழுத்திருக்கிறார். அசாமைப் பற்றி அந்த ஒரு கோடு போதும்.

தானாகக் கற்றவர் என்ற சொல்லை எங்கள் பக்கம் ஒரு மன்னிப்புப்போலப் பாவிக்கிறார்கள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிற தொனி. மாமாவுக்கு அந்த மன்னிப்புத் தேவையில்லை. சித்திரப் பள்ளிக்குப் போகவில்லையே தவிர, எழுத்து வேலைக்காரர்களிடம் கோடு பிடிக்கப் பழகிய கை அது. தூரிகை பிடித்த கைக்குக் கீழே ஒரு கோலை முட்டுக்கொடுத்து இழுக்கிற நேர்கோட்டை அவரால் நடுங்காமல் இழுக்க முடிந்தது. அந்தக் கோடு இந்தப் படத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. பிறகு சொல்கிறேன்.

கேள்வி

படத்தில் ஆள் இல்லை, மாடு இல்லை, பறவை கூட இல்லை. கீழே தேயிலை நிரைகள், ஒரு கல் கட்டு. நடுவில் வெள்ளைப் பட்டை. அதற்கப்பால் இரண்டு மூன்று அடுக்கு மலை, எல்லாவற்றுக்கும் மேலே கூரான ஒரு சிகரம், அதன் பின்னால் மங்கிய மஞ்சள் வானம். பேச்சே இல்லாத படம்.

அது எந்தச் சிகரம் என்பதில் தாய்க்கும் மகனுக்கும் சண்டை. அக்காவுக்குச் சந்தேகமே கிடையாது, மஸ்கெலியாவில் இருந்து தெரிகிற சிவனொளிபாத மலை. மகன் 2003இல் இந்தியா போய், மாமா கண்மூடுவதற்கு முன்னர் கையோடு படத்தை வாங்கி வந்தவர். நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ரங்கசாமி மலையைப் பார்த்துவிட்டும் வந்திருக்கிறார். அதுவும் கூரான மலைதான். "மாமா இருந்தது அங்க. கண்ணுக்கு முன்னால இருக்கிறதத்தானே வரைஞ்சிருப்பார்? அதோட, மஸ்கெலியான்னா தண்ணி எங்க சேர்?"

கடைசிக் கேள்வி நியாயமானது. 1969க்குப் பிறகு மஸ்கெலியா டவுன் பக்கமிருந்து சிவனொளிபாதத்தைப் பார்க்கிறவன் கண்ணில் தண்ணீர் படாமல் இருக்காது. படத்தில் ஒரு சொட்டு நீலத் தண்ணீரும் இல்லை.

பலகையின் பின்பக்கத்தில் கோயம்புத்தூர்க் கடை ஒன்றின் சீட்டுக் கிழிசல் ஒட்டியிருந்தது. தூரிகை பிடித்த இடம் இந்தியா என்பதற்கு அது சாட்சி. மலை எங்கே என்பதை அது சொல்லாது. எட்வர்ட் லியர் என்ற ஆங்கிலேய ஓவியரும் பெரும்பாலும் தானாகவே கற்று ஊர் ஊராகச் சுற்றியவர். 1874இல் டார்ஜிலிங்கில் கஞ்சன்ஜங்காவைக் கீறிக்கொண்டு போனவர், பெரிய ஓவியங்களை வருடங்கள் கழித்து ஐரோப்பாவில் இருந்தே தீட்டினார். கீறல்களின் மேலேயே நிறங்களின் பெயரைக் கையால் எழுதி வைப்பது அவர் பழக்கம். மாமாவின் தபால் அட்டை ஒன்றிலும் மலைக் கோடுகளுக்குள் "நீலம்", "இன்னும் நீலம்", "சாம்பல்" என்று எழுதியிருக்கிறது. லியரை மாமாவுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஓடிக்கொண்டே இருப்பவர்களுக்கு இந்தப் பழக்கம் தானாகவே வரும்போல.

பலகையைப் பார்த்தது

ஹார்ட்போர்டின் வழவழப்பான பக்கத்தில் லொறிக்கு அடிக்கிற எனாமல் பெயிண்ட். அடிப்பூச்சு கிடையாது. வானத்தில் மேல்பூச்சு சீக்கிரம் காய்ந்து, கீழே உள்ள பூச்சு பிறகு இழுத்ததில் மெல்லிய வெடிப்புகள். பள்ளியில் படித்தவன் செய்யாத பிழை அது, எண்ணெய் கூடிய பூச்சை எப்போதும் மேலேதான் வைப்பான். படத்துக்குப் பெரிய கேடு ஒன்றுமில்லை.

கேடு முழுக்க இங்கே வந்த பிறகு நடந்தது. காம்பராவில் அடுப்புக்கு எதிர்ச்சுவரில் இருபது வருடம் தொங்கியிருக்கிறது. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளையான மிலாறு எரிக்கிற புகை, தாளிக்கிற எண்ணெய், ஐந்தாறு மாதம் விடாத தென்மேற்குப் பருவமழையின் ஈரம். காற்றின் ஈரப்பதன் 65, 70 சதவீதத்துக்கு மேல் நின்றாலே பூஞ்சணத்துக்குப் போதும். மஸ்கெலியாவில் அது குறைகிற நாளைத்தான் எண்ண வேண்டும். பின்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் பூத்திருந்தது. முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு, வெளியே வைத்து மெல்லிய தூரிகையால் தட்டி எடுத்து, ஒரு வாரம் காய விட்டேன். அதில் சொல்ல வேறு ஒன்றுமில்லை.

முன்பக்கம்தான் பிரச்சினை. புகை படிந்த இடமும் பழுப்பாய்ப் போன வெள்ளை. மாமா வைத்த பனியும் வெள்ளை. எது எங்கே முடிகிறது?

பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியை வைத்துப் பட்டையின் மேல் அங்குலம் அங்குலமாகப் போனேன். இரண்டாம் நாள் கிடைத்தது. வெள்ளைக்குள் சிறுசிறு கட்டங்கள், குறுக்கும் நெடுக்கும் இழையோடிய தடம். துணி நெசவு. பனியை அவர் தூரிகையால் தீட்டவில்லை. வெள்ளை எனாமலை மண்ணெண்ணெயில் தண்ணீராய்க் கரைத்து, கந்தைத் துணியில் தொட்டு, ஒற்றி ஒற்றி எடுத்திருக்கிறார். சில இடங்களில் விரல் அழுத்தம் கூடத் தெரிகிறது. புகைக்கு நெசவு கிடையாது. அன்றிலிருந்து எனக்கு ஒரு விதி அகப்பட்டது: நெசவு தெரியும் மட்டத்துக்கு மேலே இருப்பது அழுக்கு, நெசவைத் தொட்டால் நிறுத்து.

மண்ணெண்ணெயில் அத்தனை கரைத்ததால் அந்தப் பூச்சில் பிடிப்பே இல்லை, விபூதிபோல உட்கார்ந்திருக்கிறது. ஈரத் துணியால் தேய்த்தாலே போய்விடும். சவுக்காரம் போட்ட மூலையில் நடந்தது அதுதான். மருமகன் "நல்லா வந்திச்சு" என்று காட்டிய பச்சை, பனிக்குக் கீழே மறைய வேண்டிய பச்சை. தேயிலை நிரைகளுக்கு நடுவே வால்போல இறங்கிய பனி, பாத்திரம் கழுவுகிற சவுக்காரத்தோடு கானில் ஓடிவிட்டது. இதை நான் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்து, சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று தோன்றியது.

தின்னர் அடியோடு ஆகாது, எனாமலே இளகிவிடும். காய்ந்த ரப்பர்ப் பஞ்சால் கரியை ஒற்றி எடுத்தேன். எண்ணெய்ப் பிசுக்கு இருந்த மலை, வானம் ஆகிய இடங்களில் பஞ்சுக் குச்சியில் எச்சில். சிரிக்க வேண்டாம், பெரிய நூதனசாலைகளிலும் இது வழக்கம். எச்சிலில் இருக்கிற நொதியங்கள் தண்ணீரால் முடியாத பிசுக்கை எடுக்கும். ஒரு குச்சி, ஒரு விரற்கடை இடம், அடுத்த குச்சி. ஆயிரத்துக்கு மேல் குச்சி போயிருக்கும். பனிப் பட்டையில் எச்சிலும் இல்லை, தண்ணீரும் இல்லை, ரப்பர்ப் பஞ்சு மட்டும்.

அழுக்கு எடுத்த பிறகும் பனி வெண்ணெய் நிறமாகவே நின்றது. எண்ணெய் சேர்ந்த வெள்ளை, இருட்டில் கிடந்தால் மஞ்சளாகும், வெளிச்சத்தில் வைத்தால் ஓரளவு திரும்பும். ஓரத்தில் ஒரு விரல் அகலத்தைக் கறுப்புத் தாளால் மூடி, நேர்வெயில் படாத ஜன்னலருகே மூன்று கிழமை வைத்தேன். தாளை எடுத்தபோது மூடிய இடம் மஞ்சள், மூடாத இடம் ஒரு படி வெளுப்பு. அந்த மஞ்சளை எதைப் போட்டும் எடுக்கத் தேவையில்லை, வெளிச்சமே பார்த்துக்கொள்ளும் என்பது தெரிந்தது.

பன்னிரண்டில் ஒன்று

சிகரத்தின் சரிவில் குச்சி ஓடிக்கொண்டிருந்தபோது கரிக்குக் கீழே ஊசிமுனை அளவில் ஒரு மஞ்சள் பொட்டு வந்தது. அடுப்பிலிருந்து தெறித்த மஞ்சள் தண்ணீர் என்று நினைத்து, கத்தி நுனியால் நெம்பி எடுத்துவிட்டேன். ஒரு விரற்கடை மேலே இன்னொன்று. அதற்கு மேலே இன்னொன்று, கொஞ்சம் வளைந்து. அப்போதுதான் கை நின்றது. தெறித்த பொட்டு வரிசையில் ஏறாது.

மொத்தம் பன்னிரண்டு இருந்தன. இப்போது பதினொன்று. நெருப்புக்குச்சி நுனியைப் பெயிண்டில் தொட்டு வைத்த புள்ளிகள், ஒவ்வொன்றின் நடுவிலும் குச்சி எடுத்த மொட்டு நிற்கிறது. சரிவில் வளைந்து வளைந்து உச்சிவரை போகின்றன. மார்கழிப் போயா என்கிற பௌர்ணமியிலிருந்து வெசாக் பௌர்ணமி வரை, சிவனொளிபாத யாத்திரைக் காலத்தில், நல்லதண்ணிப் பக்கப் படிகளில் எரியும் லைட் வரிசையை மஸ்கெலியாவில் இருந்து பார்த்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மருமகன் உடனே விடவில்லை. ரங்கசாமி மலையிலும் கோயில் இருக்கு, அங்கேயும் விளக்கு வைப்பார்கள் என்றார். நான் உயரத்தை எடுத்தேன். கோத்தகிரியும் ரங்கசாமி மலையும் ஏறத்தாழ ஒரே உயரம், இரண்டும் 1,800 மீற்றரை ஒட்டி நிற்கின்றன. அங்கே நின்று பார்த்தால் சிகரம் இப்படித் தலைக்கு மேலே எழும்பாது. சிவனொளிபாதம் 2,243 மீற்றர், மஸ்கெலியா அதற்கு ஆயிரம் மீற்றர்போலக் கீழே. "மாமா கூட்டி வரைஞ்சிருக்கலாமே" என்றார். அதுவும் சரிதான், மலையை வரைகிறவன் கை எப்போதும் கொஞ்சம் உயர்த்தும்.

முடித்து வைத்தது அக்கா. துடைத்த படத்தை முதல்முறை காட்டியபோது அவர் சிகரத்தைப் பார்க்கவே இல்லை. கீழே கல் கட்டின் மேல் நான் பாறை என்று விட்டிருந்த ஒரு பழுப்பு உருண்டையில் விரலை வைத்தார்.

"இது கூடை மாஸ்டர். கவுத்து வச்சிருக்கு."

கண்ணாடியில் பார்த்தேன். மூங்கில் பின்னல், பக்கத்தில் சுருட்டிப் போட்ட கயிறு.

"காலையில யாரு கூடையக் கவுப்பா? அந்திக் கொழுந்து நிறுத்துப் போட்டுட்டு, கூடையத் தட்டிக் கவுத்து வச்சிட்டுத்தான் இடுப்புல கட்டுன படங்க அவுப்போம். இது பொழுது போற நேரம்."

பொழுது போகிற நேரமானால், மஞ்சள் வானம் மேற்கு. மஸ்கெலியாவுக்குச் சிவனொளிபாதம் மேற்கே, சற்றுத் தெற்குத் தள்ளி. தை, மாசியில் சூரியன் ஏறக்குறைய அதன் பின்னால்தான் இறங்கும். ரங்கசாமி மலை கோத்தகிரிக்குக் கிழக்கே. அங்கே அந்த மஞ்சள் விடியலாக இருக்க வேண்டும், விடியலில் கூடை கவிழ்ந்திருக்காது. மருமகன் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்போ மஸ்கெலியாதான்" என்றார். நாலு மாதத்தில் நான் குச்சி குச்சியாகச் சேர்த்ததை அக்கா ஒரு கூடையில் போட்டுக் கட்டிவிட்டார்.

அப்போ தண்ணீர்?

பள்ளத்தில் பனி படுப்பது விடியலில். வெயில் ஏறக் கலைந்துவிடும். அந்தியில் வருகிற மூட்டம் மலைச் சரிவில் இறங்கி ஓடும், பள்ளத்தில் தட்டையாக உட்காராது. அதுவும் படி லைட் எரிகிற, மழை விட்ட மாதங்களில். மாமா ஒன்றும் தெரியாதவரில்லை, இருபத்தைந்து வருடம் அந்தப் பனிக்குள் விடிய, வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போனவர்.

பட்டையின் மேல் விளிம்பு துணியால் ஒற்றியது, கலைந்து மலையோடு சேர்கிறது. கீழ் விளிம்பு அப்படியில்லை. பலகையின் இடமிருந்து வலம்வரை ஒரு நேர்கோடு, லொறிப் பலகையில் பெயர் எழுதுமுன் இழுக்கிற கோடு. தேயிலைச் சரிவு ஏறி இறங்கினாலும் அது ஏறி இறங்கவில்லை. பனிக்கு மட்டம் கிடையாது, தண்ணீருக்குத்தான் உண்டு. அந்தக் கோட்டுக்குக் கீழே, மருமகன் கழுவிய மூலையில் மட்டும்தான் பனி வாலாக இறங்கியிருந்தது.

நீர்த்தேக்கம் இருக்கிற இடத்தில், நீர்த்தேக்கத்தின் மட்டத்தில், தண்ணீருக்குப் பதிலாக மாமா பனியைப் போட்டிருக்கிறார். என் முடிவு அதுதான். தண்ணீரைத் தீட்டத் தெரியாமல் இல்லை. லொறிப் பலகையில் ஏரியும் அன்னமும் போட்டு வயிறு வளர்த்தவர்.

இன்னொன்றும் உண்டு. அறையை இருட்டாக்கி, டோர்ச்சைப் பலகையின் பக்கவாட்டில் படுக்கவைத்து அடித்தால் மேடுபள்ளம் நிழலாகத் தெரியும். பட்டையின் நடுவுக்கு இடப்பக்கம், பனிக்கு அடியில், பெருவிரல் நகம் அளவுக்கு ஒரு தடிப்பு இருக்கிறது. சதுரம்போல, மேலே குவிந்து. பழைய கோயிலாக இருக்கலாம். பெயிண்ட் கட்டியாகவும் இருக்கலாம். மேலே உள்ள பனியை எடுத்தால் தெரிந்துவிடும், எடுப்பது ஐந்து நிமிட வேலை. மருமகனுக்கு எடுத்துப் பார்க்க ஆசை. அவர் மூடிய ஒன்றைத் திறக்கிற உரிமை எனக்கில்லை என்று மறுத்துவிட்டேன்.

கழுவிய மூலையை என்ன செய்வது என்று கனநாள் யோசித்தேன். விட்டுவைத்தால் கண் அங்கேயே ஓடும். புதுப் பனி போட்டால் அது என் பனி. கடைசியில் நீர்வண்ணத்தால் பச்சையை மட்டும் இரண்டு படி தணித்தேன். ஈரப் பஞ்சால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். முன்னும் பின்னும் எடுத்த போட்டோக்கள் சட்டத்தின் பின்னால் ஒரு உறையில் இருக்கின்றன. தொலைந்த பன்னிரண்டாவது புள்ளியை வைக்கவில்லை.

படத்தைக் கொடுத்த அன்று அக்கா பனிப் பட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வலது கைச் சுட்டுவிரலை ஒரு இடத்தில் வைத்தார். "இங்கதான் கோயில். தீமிதிக்கு இப்படித்தான் இறங்கி வருவோம்." அவர் விரல் நின்றது அந்தத் தடிப்பிலிருந்து நாலு விரற்கடை தள்ளி. நான் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது அடுப்புப் பக்கம் இல்லாத உட்சுவரில் தொங்குகிறது. சுவர் ஈரம் ஏறாமல் சட்டத்தின் நாலு மூலைக்கும் பின்னால் போத்தல் தக்கை வைத்துக் காற்றுக்கு வழி விட்டிருக்கிறேன். முன்னால் கண்ணாடி, படத்தில் ஒட்டாமல் இடைவெளியோடு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பூஞ்சணம் இருக்கிறதா என்று பார்ப்பேன். போன தடவை பலகை சுத்தமாக இருந்தது. கண்ணாடியில்தான் எண்ணெய்த் தடம். ஒன்று பனிப் பட்டையின் மேல், அக்கா சொன்ன இடத்தில். இன்னொன்று பேரப்பிள்ளையின் சின்ன விரல், லைட்டுப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு உச்சிவரை போயிருக்கிறது.